நூற்று அறுபத்தெட்டுக் கம்பிகள்

சனவரி 12

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

உங்கள் மூட்டுவலி இந்தக் குளிருக்கு அடங்கியிருக்கிறதா? அண்ணியின் கைச்சுளுக்கு ஆறிவிட்டதா? நான் நலமாகவே இருக்கிறேன். இருமல் மட்டும் என்னை விட்டுப் போக மனமின்றி உடன் தங்கியிருக்கிறது.

செய்திக்கு வருகிறேன். இருபத்தாறு ஆண்டுகளுக்கு முன் எங்கள் நீச்சல் அரங்கின் மேற்குச் சுவரில் நீங்கள் கட்டி நிறுத்திய நேரப்பலகை, ஒன்பது ஆண்டுகளாக இருண்டு கிடக்கிறது. ஆறு தடங்கள், தடத்துக்கு நான்கு இலக்கங்கள், இலக்கத்துக்கு ஏழு விளக்குக் கோடுகள். கோட்டுக்கு ஒன்றாக நூற்று அறுபத்தெட்டுக் கம்பிகள் கீழே இருக்கும் பெட்டியிலிருந்து மேலே ஏறுகின்றன. கட்டியவருக்கே கணக்குச் சொல்கிறேன், சிரிக்காதீர்கள். இத்தனை கம்பிகளுக்கும் ஒரு துண்டுத் தாளாவது இருக்குமென்று அலுவலகத்தின் பேழைகள் அனைத்தையும் கவிழ்த்துப் பார்த்தேன். தூசியும் செத்த பல்லியும் கிடைத்தன, வரைபடம் கிடைக்கவில்லை.

புதிய மேலாளர் நேற்று என்னை அழைத்தார்.

“ஏம்மா, இது எரியுமா எரியாதா? ஒரே வார்த்தையில சொல்லுங்க.”

“எரியும் சார். எப்போன்னு சொல்லத்தான் ரெண்டு வார்த்தை ஆகும்.”

“ஜூன் பதினஞ்சுக்குள்ள எரியணும். பாதுகாப்பு அலுவலர் பார்த்து சீல் வைக்கணும். இல்லேன்னா பலகையைக் கழட்டி எடைக்குப் போட்டுட்டு, பராமரிப்புப் பிரிவையும் வெளியாளுக்குக் குடுத்துடலாம்னு கமிட்டி சொல்லுது.”

பராமரிப்புப் பிரிவு என்றால் பத்துப் பேர் கொண்ட படை என்று எண்ணிவிடாதீர்கள். நான்தான் பிரிவு, நான் ஒருத்திதான் பராமரிப்பு. நாற்பத்தேழு வயதில் வேறு கதவைத் தட்ட எனக்கு விருப்பமில்லை.

வரைபடம் உங்களிடம் இருந்தால் அனுப்புங்கள். இல்லையேல், நினைவில் இருப்பதை எழுதுங்கள்.

விடை வரும் வழியை நோக்கியிருக்கும்
உங்கள் தங்கை


பிப்ரவரி 2

அன்புத் தங்கைக்கு,

மூட்டு தன் வேலையைச் செய்கிறது. நான் என் வேலையைச் செய்கிறேன். அண்ணி நலம். இருமலுக்கு வெந்நீர் குடி. அதைப் பற்றி மடல் எழுதினால் இருமல் போகாது.

வரைபடம் கிடையாது. அன்றும் கிடையாது. அலைய வேண்டாம்.

மின்சாரத்தை நேரே கொடுத்துவிடாதே. விளக்கு வரிசைகளைக் கழற்றிவிட்டு, பெட்டிக்கு வரும் கம்பியின் இடையில் ஓர் அறுபது வாட்டு விளக்கைத் தொடராக இணை. அது பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால், உள்ளே எங்கோ ஒட்டிக்கொண்டிருக்கிறது, உடனே நிறுத்து. ஒருகணம் மின்னி மங்கிவிட்டால் அச்சமில்லை. மின்தேக்கிகள் வயிறு உப்பியிருக்கும், மாற்றிவிடு. இணைப்புப் பட்டைகள் குளத்து ஈரத்தில் அரித்துப்போயிருக்கும், அவற்றையும் மாற்று.

கம்பி நுனிகளில் மெழுகு நூல் சுற்றி முடிச்சிட்டிருக்கும். அவை இருக்கட்டும்.

நீ பேனா பிடித்தாலே மேடை ஏறிவிடுகிறாய். சுருக்கமாக எழுது.

அண்ணன்


பிப்ரவரி 16

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

இருமல் போய்விட்டது, வெந்நீருக்கு வெற்றி. அங்கு அனைவரும் நலந்தானே?

உங்கள் மடல் இரண்டு நாள் முந்தி வந்திருக்கக் கூடாதா! நூல் முடிச்சுகள் எல்லாம் குப்பைக்குப் போய்விட்டன. பட்டைகள் இருபத்துநான்கும் துருப்பிடித்துப் பொடிந்திருந்தன. கம்பிகளைக் கழற்றி, நுனிகளை வெட்டிச் சுரண்டி, புதுப் பட்டைகள் பூட்டினேன். அழுக்கேறிப் பிசுபிசுத்துக் கிடந்த அந்த நூலைப் பழைய கட்டின் மிச்சம் என்றே எண்ணி நறுக்கி எறிந்தேன். அழகுக்காகச் சுற்றியிருந்தீர்களோ? பரவாயில்லை, நூல் போனால் என்ன, நிறம் இருக்கிறதே!

ஆம் அண்ணா, நிறமே எனக்கு வழிகாட்டியாயிற்று. முதல் தடத்தின் முதல் இலக்கத்தை மீட்டர் வைத்துக் கோடு கோடாகச் சோதித்தேன். சிவப்பு மேல்கோட்டுக்கு, பச்சை நடுக்கோட்டுக்கு, நீலம் இடப்புறத்து மேற்கோட்டுக்கு, ஊதா இடப்புறத்துக் கீழ்க்கோட்டுக்கு, மஞ்சளும் வெள்ளையும் கறுப்பும் எஞ்சியவற்றுக்கு. இதையே பட்டியலாக எழுதிச் சுவரில் ஒட்டி, மற்ற இருபத்துமூன்றையும் அதன்படியே பூட்டிவிட்டேன். மூன்று நாளில் முடிந்தது. அறுபது வாட்டு விளக்கு மின்னி மங்கியது, நெஞ்சு நிமிர்ந்தது!

என் பட்டியல் சரிதானே? “ஆம்” என்று ஓர் அட்டையில் எழுதிப் போடுங்கள், போதும். இதைவிடச் சுருக்கமாக யாரும் உங்களிடம் கேட்க முடியாது.

உங்கள் தங்கை


மார்ச்சு 24

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

ஐந்து வாரம் ஆயிற்று. ஓர் எழுத்தும் இல்லை. உடல்நலம் குன்றிவிட்டதோ என்று அஞ்சி உங்கள் அடுத்த தெருக் கடைத் தொலைபேசிக்கு அழைத்தேன். மளிகைக் கடைக்காரர் எடுத்து, “உங்க அண்ணனா? இப்பத்தான் டீ குடிச்சிட்டுப் போனார். நல்லா குண்டா இருக்கார்,” என்றார். மனம் ஆறியது, சினமும் பிறந்தது.

பலகை எரிகிறது. ஆனால் பித்துப் பிடித்தது போல் எரிகிறது. 1, 3, 6, 8 எங்கும் நல்ல பிள்ளைகள். சில இலக்கங்களில் 0, 4, 7 மட்டும் கெட்டுப்போகின்றன. 0 தலையை இழந்து வயிற்றில் கோடு போட்டுக்கொள்கிறது. 4 இடுப்பை விட்டுவிட்டுத் தொப்பி அணிகிறது. வேறு சில இடங்களில் 2, 4, 5, 9 முறுக்கிக்கொள்கின்றன. முதல் இலக்கமோ மாசற்று நிற்கிறது. என்னதான் குற்றம்?

இதனினும் பெரிய செய்தி ஒன்று. பாதுகாப்பு அலுவலர் வந்திருந்தார். அவருக்கு நான் வைத்திருக்கும் பெயர் விதிப்புலவர். விதி நூலைப் பக்க எண்ணோடு ஒப்பிப்பார்.

“வரைபடம் இல்லாத பழைய கருவியா? தண்ணிப் பக்கத்துல இருக்குதா? அப்போ புதுசா வரையணும். போட்டவர் உயிரோட இருந்தா, அவரே பார்த்து ‘இது நான் போட்டதுதான், சரியா இருக்கு’ன்னு கையெழுத்துப் போடணும்.”

“அவர் ரொம்ப தூரத்துல இருக்காருங்க.”

“தூரமா இருந்தா தபால் இருக்குல்ல?”

ஆகவே நூற்று அறுபத்தெட்டுக் கோடுகளையும் அந்தந்த நிறப் பேனாவால் வரைந்து இத்துடன் வைத்திருக்கிறேன். நான்கு நாள் உழைப்பு. சரிபார்த்து, பிழையிருந்தால் திருத்தி, கீழே கையொப்பமிட்டு அனுப்புங்கள். அந்தக் கையொப்பம் இல்லாவிட்டால் பலகையும் இல்லை, நானும் இல்லை.

அண்ணிக்கு என் அன்பு.

தங்கை


ஏப்பிரல் 6

அன்புத் தங்கைக்கு,

நலம். இங்கே மழை. என் பழுதுபார்க்கும் கடையில் சுவர்க் கடிகாரங்கள் குவிந்துவிட்டன. எல்லோருக்கும் ஒரே வாரத்தில் நேரம் தேவைப்பட்டுவிட்டது.

ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு டிரான்சிஸ்டர் அட்டை உண்டு. கெட்ட இலக்கத்தின் அட்டையைக் கழற்றி நல்ல இலக்கத்தில் செருகு. பிழை அட்டையோடு நடந்து போனால் குற்றம் அட்டையுடையது. நின்ற இடத்திலேயே நின்றால் குற்றம் கம்பியுடையது. கம்பியுடையதாகத்தான் இருக்கும்.

நிறத்தை நம்பாதே. மீட்டரின் மணியை நம்பு; இரு முனையும் ஒரே கம்பியென்றால்தான் அது ஒலிக்கும். மேலே ஏறி ஒவ்வொரு கம்பியாக மணி அடித்துப் பார்.

நீ அனுப்பிய வரைபடத்தைத் திருப்பியிருக்கிறேன். பார்க்க நேரமில்லை. வேறு யாரிடமாவது கையொப்பம் வாங்க வழியுண்டா என்று கேள்.

அண்ணன்


ஏப்பிரல் 14

அண்ணனுக்கு,

நலம் கேட்கும் நிலையில் நான் இல்லை. ஆயினும் கேட்கிறேன்: நலமா?

அட்டைகளை மாற்றிப் பார்த்தேன். பிழை நகரவில்லை. குற்றம் கம்பியுடையது. அந்தக் கம்பியைப் போட்டது யார்? நிறத்தை நம்பாதே என்று எழுதுகிறீர்களே, ஏழு நிறங்களில் கம்பி வாங்கிப் பூட்டியது எதற்காக? கண்காட்சிக்கா? ஓர் இலக்கத்தில் சிவப்பு மேலே. அடுத்ததில் சிவப்பு நடுவே. பெரிய கைகாரர் என்று ஊரே புகழ்ந்த என் அண்ணன், கவனமின்றி, கையில் கிடைத்ததைக் கிடைத்த இடத்தில் சொருகியிருக்கிறார். பிழை செய்வது இழிவன்று. அதை ஒப்புக்கொண்டு ஒரு கையொப்பம் இட மறுப்பதுதான் இழிவு!

வரைபடம் திரும்பி வந்ததை விதிப்புலவர் பார்த்தார். என்ன சொன்னார் தெரியுமா? “போட்டவருக்கே அவர் வேலை மேல நம்பிக்கை இல்ல. நான் எதை நம்பிம்மா சீல் வைக்கிறது?” வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு வெளியே வந்தேன்; அந்த அவமானத்தின் அளவை நீங்களே கணித்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் எதில்தான் கையொப்பம் இட்டீர்கள்? பலகை முதன்முதல் எரிந்த மாதமே உங்களுக்கு மின் மேற்பார்வையாளர் பதவிக்கான ஆணை வந்தது. வீடே கொண்டாடியது. அடுத்த வாரம், ஒரு சொல்லும் சொல்லாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டீர்கள். “பெரியவனுக்கு நம்ம மேல என்ன கோவம்?” என்று அம்மா தம் இறுதி ஆண்டுவரை என்னிடம் கேட்டுக்கொண்டிருந்தார். கல்லுளிமங்கன் என்று உங்களை அன்று விளையாட்டாக அழைத்தேன். இன்று விளையாட்டாக அழைக்கவில்லை.

இன்னும் இரண்டு மாதம். உங்கள் கையொப்பம் வராவிட்டால், பலகையை இறக்கும் ஏணியை நானே பிடிக்க வேண்டியிருக்கும்.

தங்கை


ஏப்பிரல் 27

என் அருமை நாத்தனாருக்கு,

நீ நலமாய் இருக்க வேண்டும். என் கை இப்போது நன்றாக மடங்குகிறது. அதனால்தான் இந்த மடல். அவருக்குத் தெரியாமல் எழுதவில்லை, தெரிந்தும் எழுதவில்லை. அவர் கடையில் இருக்கிறார், அவ்வளவுதான்.

உன் மடலைப் படித்துவிட்டு அன்று முழுதும் அவர் சாப்பிடவில்லை. மறுநாள் இரண்டு மடங்கு சாப்பிட்டார். அதனால் நீ அஞ்ச வேண்டாம். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். “பார்க்க நேரமில்லை” என்று எழுதினாரே, அது உண்மையன்று. உன் வரைபடத்தை வைத்துக்கொண்டு ஏழெட்டு நாள் காலையில் சன்னலோரம் உட்கார்ந்திருந்தார். வெயிலில் காட்டுவார், விளக்கின் கீழ்க் காட்டுவார், கண்ணாடியைக் கழற்றுவார், மாட்டுவார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார்.

“இங்க வா. இந்தக் கோடு என்ன கலர்? வரிசையா சொல்லிட்டு வா.”

“ஏன், உங்களுக்குக் கண்ணு இல்லியா?”

“சொல்லுன்னா சொல்லேன்.”

பதினான்கு கோடு சொன்னேன். அதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிட்டது. திரும்பி வருவதற்குள் தாளை மடித்து உறையில் போட்டுவிட்டார். “அடுத்தவங்க கண்ணால பாத்து நான் கையெழுத்துப் போட மாட்டேன்,” என்றார். யாரிடம் சொன்னார் என்று தெரியவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்.

அவருடைய கடையில் பேட்டரிக்கு மின்னேற்றும் கருவி ஒன்று இருக்கிறது. ஏறும்போது சிவப்பாகவும், முடிந்ததும் பச்சையாகவும் ஒரு சின்ன விளக்கு எரியும். மாலைதோறும் என்னை அழைத்து, “முடிஞ்சுதா பாரு,” என்பார். கத்தியும் கையுமாய்ப் போய்ப் பார்த்து, “முடிஞ்சுது,” என்று சொல்லிவிட்டு வருவேன். இருபத்தைந்து ஆண்டாக அந்த விளக்குக்கு நான்தான் கண்காணிப்பாளர். சம்பளம் கேட்டால் சிரிக்கிறார்.

இதற்கு மேல் நான் எதையும் கேட்டதில்லை. நீயும் அவரைக் கடிந்துகொள்ளாதே. இருமல் மறுபடி வந்தால் எழுது.

உன் அண்ணி


மே 9

அன்பும் மதிப்பும் நிறைந்த அண்ணிக்கு,

உங்கள் கை மடங்கியது கேட்டு மகிழ்ந்தேன். இந்த மடலை நீங்கள் மட்டும் படியுங்கள்.

அண்ணன் சொன்னபடி சாரத்தின் மேல் ஏறினேன். பலகையின் பின்பக்கத்து மூடியைத் திறந்தேன். மேல்முனை நுனிகளை யாரும் இருபத்தாறு ஆண்டாகத் தொட்டதில்லை. ஒவ்வொரு கம்பியிலும் மெழுகு நூல், நூலில் முடிச்சு. ஒரு முடிச்சு மேல்கோட்டுக்கு, இரண்டு முடிச்சு அதற்கடுத்த கோட்டுக்கு, இப்படி ஏழுவரை. இருபத்துநான்கு இலக்கங்களிலும் ஓரிடத்திலும் பிசகு இல்லை. நான் கீழே நறுக்கி எறிந்தது அழுக்கன்று, அண்ணி; அதுதான் வரைபடம். இவ்வளவு நாளும் நான் தேடியதை நானே குப்பையில் போட்டேன்.

ஐந்து நாள் மணியடித்து, மீட்டர் சொன்னபடி கீழ்முனையைத் திருத்திப் பூட்டினேன். இப்போது ஒன்பது எண்களும் சுழியும் தம் தம் உருவில் ஒளிர்கின்றன.

பிறகு ஒரு தாளில் எண்ணிப் பார்த்தேன். சிவப்பும் பச்சையும் இடம் மாறிய இலக்கங்கள் பதினொன்று. நீலமும் ஊதாவும் இடம் மாறியவை ஒன்பது. மஞ்சள் இடம் மாறியது ஒன்றுமில்லை. வெள்ளை ஒன்றுமில்லை. கறுப்பு ஒன்றுமில்லை. கவனமற்றவன் கை எல்லா நிறத்திலும் இடறும். இந்தக் கை இரண்டே இணைகளில்தான் இடறியிருக்கிறது. அங்கும் பாதிக்குப் பாதி, நாணயத்தைச் சுண்டிவிட்டது போல. இது கவனக்குறைவு அன்று. அவர் கண்ணுக்கு அந்தக் கம்பிகள் இரண்டும் ஒன்று. ஆகையால் நிறத்தை ஒதுக்கிவிட்டு, ஒவ்வொன்றையும் மணியடித்து, விரலால் எண்ணும்படி முடிச்சிட்டிருக்கிறார்.

அந்தப் பதவி ஆணையை அன்று வீட்டில் உரக்கப் படித்தவள் நான். பதவி ஏற்கும் முன் கண் மருத்துவரிடம் சென்று சான்று பெற வேண்டும் என்று அதன் இரண்டாம் பத்தியில் இருந்தது. படித்தேன், கைதட்டினேன், அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏப்பிரலில் நான் எழுதிய மடல் அவரிடம் இன்னும் இருக்கிறதா? இருந்தால் அடுப்பில் போடுங்கள். நான் இதைப் பற்றி அவரிடம் ஒன்றும் கேட்கப்போவதில்லை. நீங்களும் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


மே 12

அன்பிற்குரிய அண்ணனுக்கு,

மழை நின்றதா? கடிகாரங்கள் குறைந்தனவா? நான் நலம்.

பலகை சரியாகிவிட்டது. குற்றம் என்னுடையது, உங்கள் வேலையில் ஒரு பிழையும் இல்லை. மேலே ஏறிப் பார்த்த பின் சொல்கிறேன்: நூற்று அறுபத்தெட்டு இணைப்புகளில் ஒன்றுகூடத் தளரவில்லை. ஏப்பிரலில் எழுதியதற்கு என்னைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அலுவலகத்தில் நிறப் பேனாக்கள் எல்லாம் வறண்டுவிட்டன. புதிது வாங்க மேலாளர் இசைவு தர மூன்று வாரம் ஆகும். எனவே வரைபடத்தைக் கறுப்பு மையிலேயே மறுபடி வரைந்துவிட்டேன். ஒவ்வொரு கோட்டுக்கும் இரு முனையிலும் ஒன்று முதல் நூற்று அறுபத்தெட்டு வரை எண் இட்டிருக்கிறேன். பலகைப் பக்கத்தில் எத்தனை முடிச்சோ அத்தனை புள்ளி வைத்திருக்கிறேன். இப்படி வரைவதுதான் எனக்கும் எளிதாக இருக்கிறது.

விதிப்புலவரிடம் முன்கூட்டியே கேட்டேன்.

“கலர் இல்லாம டிராயிங்கா? பழக்கம் இல்லியேம்மா.”

“பழக்கம் இல்ல சரி. விதி இருக்கா? ‘தெளிவா இருக்கணும்’னுதானே போட்டிருக்கு? ‘கலரா இருக்கணும்’னு எந்தப் பக்கத்துல போட்டிருக்கு, காட்டுங்க.”

அரை மணி நேரம் புரட்டினார். “போடல,” என்றார். அவர் தோற்று நான் கண்டது அதுவே முதல் முறை.

கெடு சூன் பதினைந்து. நேரம் கிடைக்கும்போது பாருங்கள். கையொப்பம் இட மனமில்லாவிட்டால், இடாமலேயே திருப்பி அனுப்புங்கள். அதன் பொருட்டு என் அன்பு ஒரு முடிச்சும் தளராது.

உங்கள் தங்கை


சூன் 4

அன்புத் தங்கைக்கு,

எல்லோரும் நலம். மழை நின்றது.

வரைபடத்தைப் பார்த்தேன். இரண்டு நாள் பார்த்தேன். நான்காம் தடத்தின் மூன்றாம் இலக்கத்தில் நூற்றொன்றும் நூற்றிரண்டும் தாளில் இடம் மாறியிருக்கின்றன. மூன்று புள்ளிக்குப் போக வேண்டியது நான்கு புள்ளிக்குப் போயிருக்கிறது. பென்சிலால் திருத்தியிருக்கிறேன், மையால் வரைந்துவிடு. மற்றவை அனைத்தும் சரி. கையொப்பம் இட்டிருக்கிறேன்.

வறண்ட பேனாக்களைப் பற்றி நீ எழுதியது நல்ல பொய். சிறுவயதிலிருந்தே உனக்குப் பொய் சொல்ல வராது.

எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்று. நீலமும் ஊதாவும் ஒன்று. பன்னிரண்டு வயதில் தெரிந்தது. வெளியில் தெரிந்தால் கம்பியைத் தொட விடமாட்டார்கள் என்பதும் அன்றே தெரிந்தது. அதனால் வேறு வழியில் தொடக் கற்றுக்கொண்டேன். மேற்பார்வையாளராக வேண்டுமானால் புள்ளிகளுக்குள் எண் எழுதிய புத்தகத்தை மருத்துவர் விரித்துக் காட்டுவார். நான் வெறும் புள்ளிகளைப் பார்ப்பேன். அந்த அறைக்குப் போக எனக்குத் துணிவில்லை. உங்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. அம்மாவிடம் அதை நான் சொல்லியிருக்க வேண்டும். இருபத்தாறு ஆண்டில் அது ஒன்றுதான் நான் போட்ட தப்பான இணைப்பு.

அண்ணியிடம் நேற்றுச் சொன்னேன். “உன்கிட்ட ஒண்ணு மறைச்சுட்டேன்,” என்று தொடங்கி எல்லாவற்றையும் சொன்னேன். காய் நறுக்குவதை நிறுத்தாமல், “அதைச் சொல்லத்தான் இவ்ளோ நாளா? நான் வேற என்னமோன்னு பயந்துட்டேன்,” என்றாள்.

ஒன்று கவனி. கையொப்பத்தின் கீழே அலுவலருக்கு நான்கு வரி எழுதியிருக்கிறேன்: “இந்த இணைப்புகளை அமைத்தவன் நான். எனக்கு நிறம் பிரித்தறிய இயலாது. கம்பிகளின் நிறத்துக்கு நான் உறுதி கூற மாட்டேன். எண்களுக்கும் முடிச்சுகளுக்கும் முழு உறுதி கூறுகிறேன்.” சரியென்று எழுதிக் கையொப்பமிட்டால் முழுவதையும் எழுதியாக வேண்டும்.

இதைப் படித்துவிட்டு அவர் மறுத்துவிடலாம். மறுத்தால் போவது உன் வேலை. ஆகையால் கையொப்பத்துக்கும் அந்த வரிகளுக்கும் இடையே புள்ளிக்கோடு ஒன்று போட்டிருக்கிறேன். அதன்வழியே கத்தரித்துவிட்டால் மேற்பகுதி மட்டும் முழு வரைபடமாக நிற்கும். கத்தரித்தாலும் நான் வருந்த மாட்டேன். கத்தரிக்காவிட்டால் செய்தி ஒருநாள் என் கடைத்தெருவுக்கும் வந்து சேரும். வந்தால் வரட்டும். முடிவு உன்னுடையது.

அண்ணன்


சூன் 14

என் அன்பு அண்ணனுக்கு,

நீங்களும் அண்ணியும் நலமாக இருக்கிறீர்கள் என்று கேளாமலே அறிகிறேன். மேடைப் பேச்சு இல்லாமல் எழுத முயல்கிறேன்.

நூற்றொன்று, நூற்றிரண்டு இரண்டையும் மையால் திருத்தினேன். பலகையில் சரியாகத்தான் இருந்தன. என் கைதான் தாளில் தவறியிருக்கிறது. இருநூறு மைல் தொலைவில் உட்கார்ந்து அதைக் கண்டுபிடித்தீர்கள்.

நேற்று விதிப்புலவர் வந்தார். அதற்கு முன் மேலாளர் வரைபடத்தை வாங்கிப் படித்தார். படித்துவிட்டு மேசை இழுப்பறையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

“அவரே கோடு போட்டுக் குடுத்திருக்கார்மா. வெட்டிடுங்க. நமக்கு எதுக்கு வம்பு?”

கத்தரிக்கோலை எடுத்தேன். பொய் சொல்ல மாட்டேன், அண்ணா: ஒருகணம் எண்ணிப் பார்த்தேன். இந்த அரங்கையும், இந்தச் சாவிக்கொத்தையும், என் நாற்பத்தேழு வயதையும் எண்ணிப் பார்த்தேன். பிறகு கத்தரிக்கோலை மீண்டும் இழுப்பறைக்குள் வைத்து மூடினேன்.

“வம்பு இல்ல சார். வரைபடத்துல ஒரு பாகம் அது.”

விதிப்புலவர் பலகையை ஓட்டிக் காட்டச் சொன்னார். சுழியிலிருந்து ஒன்பதுவரை, இருபத்துநான்கு இலக்கங்களிலும் மூன்று முறை ஓட்டினேன். சாரத்தில் ஏறித் தம் விரலாலேயே முடிச்சுகளை எண்ணினார். கீழே நான் புதிதாகக் கட்டியிருக்கும் நூல்களையும் எண்ணினார். இறங்கி வந்து, நீங்கள் எழுதிய நான்கு வரிகளையும் இருமுறை படித்தார். மேலாளர் தொண்டையைச் செருமினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

“இருபது வருஷமா டிராயிங் பாக்குறேன்மா. எல்லாரும் தெரிஞ்சதுக்குத்தான் கையெழுத்துப் போடுவாங்க. தனக்கு எது தெரியாதுன்னு எழுதி, அதுக்கும் சேர்த்துப் போட்ட ஆளை இன்னிக்குத்தான் பாக்குறேன்.”

முத்திரையை எடுத்து மையில் ஒற்றினார். எங்கே வைப்பது என்று தாளின் மேல் சற்று நேரம் தேடினார். பிறகு அழுத்தி வைத்தார்: பாதி உங்கள் கையொப்பத்தின் மேல், பாதி அந்த நான்கு வரிகளின் மேல், நட்டநடுவே புள்ளிக்கோடு. இனி முத்திரையைப் பிளக்காமல் யாரும் அதைக் கத்தரிக்க முடியாது.

உங்கள் தங்கை